ஏணியக்காவுக்கு வழிவிட்ட அறுபது வண்டிகள்

கிடங்கில் அவளை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியை யார் எடுப்பது என்று ஆண்கள் நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இருந்தவர்களிலேயே குள்ளமான அவள், சக்கரம் வைத்த ஏணியை உருட்டிக்கொண்டு வந்து மளமளவென்று ஏறி, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர்.

அது மருந்துக் கிடங்கு. நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவற்றுக்கும் ஊசி, மருந்து, பஞ்சு, கையுறை, குழாய், தையல் நூல் என்று சகலமும் அங்கிருந்துதான் போயாக வேண்டும். பதினொரு வரிசை ரேக்குகள், ஒவ்வொன்றும் மூன்று ஆள் உயரம். இருபத்து மூவாயிரம் வகைப் பொருள்கள். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதற்குக் கம்ப்யூட்டரில் எண்கள் இருந்தன. ஏணியக்காவுக்கு அந்த எண்கள் தேவைப்படவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு வரைபடம் மண்டைக்குள் இருந்தது. பஞ்சும் கட்டுத் துணியும் இருக்கிற இடம் 'தும்மல் மூலை'. குளிர்ப் பெட்டி அறைக்குப் பக்கத்து வரிசை 'நடுங்கித் தெரு'. கண்ணாடிக் குப்பிகள் அடுக்கியிருந்த தட்டு 'மூச்சுவிடாதே'. புதிதாக வந்தவர்கள் எண்ணைப் படித்துத் தேடிக்கொண்டு இருக்கும்போதே அவள் போய் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

நடை என்றால் அப்படி ஒரு நடை. செல்போனில் மகள் ஒருநாள் நடையை அளக்கிற ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலம் பார்த்தால் பதினேழு கிலோமீட்டர். நாலு மாசத்துக்கு ஒருமுறை செருப்பு மாற்ற வேண்டியிருந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் அவளுக்கு ஒரு பக்கெட்டில் வெந்நீர் எடுத்து வைப்பான். அவள் அதில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவான்.

"ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் நான் நிக்க வெச்சே மேல ஏத்தி விடுறேன். என் பொண்டாட்டி மட்டும் ஏணில ஏறுறா. வெளில சொன்னா என் தொழிலுக்கே கேவலம்."

"பேசாம தண்ணிய ஊத்துங்க," என்பாள் அவள்.

அவளுடைய வேலையில் பெருமைப்பட நிறைய இருந்தது. ஆனால் ஒரு நாளைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் பேச மாட்டாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஓர் ஊசி மருந்து கேட்டார்கள். பிரசவத்துக்கு வந்த ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை என்று போனில் சொன்னார்கள். ஆறு குப்பி இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. தட்டில் ஒன்றுகூட இல்லை. யாரோ அவசரத்தில் எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார்கள். ஐந்து பேர் தேடினார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் அடித்தது. மூன்று மணி நேரம் கழித்து ஏழாவது வரிசையில், கையுறைப் பெட்டிகளுக்குப் பின்னால், அவள் கையில்தான் அது அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு வேன் வரைக்கும் ஓடினாள். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை. சூப்பர்வைசரும் தானாகச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவள் ஒரு முள்ளைப் போல உள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் இறக்குமேடைப் பக்கம் கூப்பிட்டார். முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கிடங்கு முழுக்க இயந்திரமயம் ஆகப் போகிறது. ரேக்குகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வண்டிகள் வரப் போகின்றன. இங்கே பதினாறு பேர் போதும். மற்றவர்களில் பாதிப் பேருக்கு ஊருக்கு அந்தப்புறம் இருக்கிற கிளைக் கிடங்கில் இடம் இருக்கிறது. சிலருக்கு வேன் வேலை. யாரையும் நடுத்தெருவில் விடமாட்டோம்.

சரக்கைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவருக்கு ஹாரன் அண்ணன் என்று பெயர். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரனை அழுத்திக்கொண்டே வருவார். இத்தனை வருஷத்தில் ஏணியக்கா அவருடைய சத்தத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை சுவரோரம் ஒதுங்கியிருப்பாள் என்று கணக்கே கிடையாது. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்களைத் தூக்குறதுக்கும் ஏதாவது வண்டி வருதா சார்?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர் வேன் ஓட்டுவதற்கு எழுதிக் கொடுத்தார்.

ஏணியக்கா வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் விட்டபடி விஷயத்தைச் சொன்னாள். கணவன், "லிஃப்ட் வந்தப்போ மாடிப்படியை யாரும் இடிச்சுப் போடலையே," என்றான். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாடிப்படியில் இப்போது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அவள் கேட்டதும் அவன் பக்கெட்டில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினான்.

இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் ஓர் இன்ஜினியர் பெண் வந்து சேர்ந்தாள். முப்பது வயசு இருக்கும். கத்தரித்த முடி, தோளில் எப்போதும் ஒரு லேப்டாப் பை. சரக்கு ஒவ்வொன்றின் நீளம், அகலம், எடை, படம் எல்லாவற்றையும் இயந்திரத்துக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். இருபத்து மூவாயிரத்தையும். "எது எங்க இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் எனக்கு வேணும்," என்று அவள் கேட்டதும் எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.

ஆறு வாரம் இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தார்கள். ஏணியக்கா எடுத்துக் கொடுக்க, இன்ஜினியர் ஒரு சின்ன மேடையில் வைப்பாள். மேலே இருந்த கேமரா ஒரு கணம் மினுங்கும். குழந்தைக்கு மூக்கில் விடுகிற குழாய், முழங்காலுக்குள் வைக்கிற தகடு, கண் அறுவை சிகிச்சைக்கு வேண்டிய மயிரிழை போன்ற ஊசி. பத்தொன்பது வருஷமாகக் கை பட்ட பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தது அப்போதுதான்.

"இதெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்குமாம்மா?"

"இருக்கும்கா. மறக்கத்தான் அதுக்குத் தெரியாது."

அதன் பிறகு பழைய ரேக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தரையைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். வண்டிகளுக்கு வழி தெரிவதற்காக, ஒரு காலடிக்கு ஒன்றாகத் தரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஸ்டிக்கர்களை ஒட்டினார்கள். ஆளை விடக் கொஞ்சம் உயரமான, நான்கு பக்கமும் அறைகள் வைத்த எண்ணூறு சின்ன ரேக்குகள் வந்து இறங்கின. கடைசியாக அந்த வண்டிகள் வந்தன. அறுபது. ஏணியக்கா ஏதோ பெரிய ராட்சதர்களை எதிர்பார்த்திருந்தாள். பார்த்தால் முழங்கால் உயரம்கூட இல்லை. கவிழ்த்து வைத்த பெரிய தாம்பாளம் மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தன.

"இதுவா?" என்றாள்.

"இதேதான்," என்று இன்ஜினியர் சிரித்தாள்.

ஓட்டிப் பார்த்த அந்தக் காலையை ஏணியக்கா சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். ஏணியக்காவையும் சேர்த்து, இங்கேயே தங்கிய பதினாறு பேரும் தளத்தைச் சுற்றிப் போட்ட கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். இன்ஜினியர் ஒரு பொத்தானைத் தொட்டாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோடியில் ஒரு வண்டி மெல்ல நகர்ந்து ஒரு ரேக்குக்கு அடியில் நுழைந்தது. ரேக் ஒரு சாண் உயர்ந்தது. மருந்தும் குப்பியுமாக அடுக்கிய அவ்வளவு பெரிய ரேக், ஒரு பெட்டிகூட ஆடாமல், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. அசையாத பொருள் என்று அவள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் எழுந்து நடந்தன. ஒரு தெருவே வீடு வாசலோடு கிளம்பிப் போவது போல இருந்தது. குறுக்கே வந்தவை ஒன்றுக்கொன்று நின்று, வழிவிட்டு, மறுபடி போயின. ஒன்றும் ஒன்றை உரசவில்லை. மூச்சு விடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஹாரன் இல்லாத கிடங்கு அவளுக்கு அன்றைக்குத்தான் காதில் பட்டது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வேலை தொடங்கியதும் அவளை ஒரு மேடை முன்னால் நிறுத்தினார்கள். அவள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரேக் அவள் முன்னால் வந்து நிற்கும். எந்த அறையில் கை விட வேண்டுமோ அதன்மேல் ஒரு வெளிச்சம் விழும். அவள் எடுத்து, ஸ்கேனரில் காட்டி, பக்கத்துப் பெட்டியில் வைத்தால் அந்த ரேக் போகும், அடுத்தது வந்துவிடும்.

"பத்தொன்பது வருஷமா நான் எதையெல்லாம் தேடிப் போனேனோ, அதெல்லாம் இப்போ என்னைத் தேடிக்கிட்டு வருது," என்று கணவனிடம் சொன்னாள். வெந்நீர் வேண்டாம் என்றும் சொன்னாள். அவன் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

ஆனால் எல்லாமே இனிப்பாக இருக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள் ஏதோ நினைப்பில் இன்ஜினியரிடம், "இப்போ பஞ்சு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. அதுக்கு மட்டும்தான் தெரியும். காலைல ஒரு இடத்துல இருக்கும், மத்தியானம் வேற இடத்துல நிக்கும்."

ஏணியக்கா தன் மேடைக்குத் திரும்பினாள். தும்மல் மூலையும் நடுங்கித் தெருவும் இனி எங்கேயும் இல்லை. மண்டைக்குள் இருந்த ஊர் ஒன்று ஆளில்லாமல் போய்விட்டது. பக்கத்து மேடையில் நின்றவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த ரேக் வந்து நின்றது.

மூன்றாம் மாசம் ஒருநாள் காலை, ஓடிக்கொண்டிருந்த ஒரு ரேக்கிலிருந்து ஊசிப் பெட்டி ஒன்று நழுவித் தளத்தின் நட்ட நடுவில் விழுந்தது. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஆனால் யாராவது உள்ளே போய் எடுத்தாக வேண்டும். வண்டிகள் ஓடும்போது தளத்துக்குள் மனிதர் கால் வைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு சட்டை இருந்தது. மஞ்சள் நிறம், முதுகில் ஒரு தட்டையான கருவி. அதைப் போட்டுக்கொண்டால் ஆள் எங்கே நிற்கிறார் என்று எல்லா வண்டிகளுக்கும் தெரிந்துவிடும். போட்டுக்கொண்டு போவதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்று விடுப்பு. மற்றவள் ஏணியக்கா.

"பயமா இருக்காக்கா? வேணும்னா எல்லாத்தையும் நிறுத்திடுறேன்," என்றாள் இன்ஜினியர். "நிறுத்தினா மறுபடி கிளப்ப இருபது நிமிஷம் ஆகும்."

"ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்குமேம்மா. நான் போறேன்."

சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. வேலிக் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தாள். நேர் எதிரே ஒரு ரேக் வந்துகொண்டிருந்தது. அவளை விடப் பெரியது, அரை டன் கனம். பழக்கதோஷத்தில் அவள் உடம்பு ஓரமாக ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்குவதற்குச் சுவர் இல்லை. ரேக் நின்றது. அவள் ஓர் அடி வைத்தாள். பக்கத்தில் வந்த இன்னொன்றும் நின்றது. இன்னோர் அடி. தூரத்தில் வந்துகொண்டிருந்தவை எல்லாம் தங்கள் பாதையை மாற்றிக்கொண்டு வளைந்து போயின. அவளைச் சுற்றி வட்டமாக ஓர் இடம் காலியானது. அவள் நடந்தால் அந்த வட்டமும் கூடவே நடந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் கடந்து வந்ததும் நின்றிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பித் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயின.

வட்டத்துக்கு அப்பால் கிடங்கு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் மட்டும். குள்ளமான ஒரு பெண், தொளதொளச் சட்டையில். ஆயுசில் இந்த மாதிரி யாரும் அவளுக்கு வழிவிட்டதில்லை. பஸ்ஸில் இல்லை, தெருவில் இல்லை, இந்தக் கிடங்கிலும் இல்லை. பெட்டியைக் குனிந்து எடுத்தாள். உடனே திரும்பியிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஐம்பது ரேக்குகள் அவளைச் சுற்றிச் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தன.

வெளியே வந்ததும் இன்ஜினியர், "ரொம்ப நேரம் நின்னீங்களேக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. பெட்டி உடைஞ்சிருக்கான்னு பார்த்தேன்," என்றாள்.

அதற்குப் பிறகு உள்ளே போக வேண்டிய வேலை வந்தால் அவள்தான் முதலில் சட்டையைத் தேடுவாள்.

ஐந்தாம் மாசத்தில் அந்தத் தீ விபத்து நடந்தது. காலை பத்தேகால் மணி. நகரத்தின் வடக்கே பிளாஸ்டிக் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற ஒரு தெரு முழுவதும் பற்றிக்கொண்டது. கிடங்கின் ஜன்னலிலிருந்து பார்த்தாலே கரும்புகை தெரிந்தது. பத்து நிமிஷத்தில் ஐந்து ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆர்டர் வந்து கொட்டியது. தீப்புண் கட்டு, களிம்பு, சலைன், வலி குறைக்கும் ஊசி, மூச்சுக்குழாய். எல்லாமே கைக்குக் கிடைத்த அளவு வேண்டும். எல்லாமே இப்பவே வேண்டும்.

ஏணியக்காவின் கால் தன்னாலேயே பழைய ஏழாவது வரிசைப் பக்கம் ஓடப் பார்த்தது. பதினொரு வருஷத்துக்கு முந்திய அந்தப் போன் மணி காதுக்குள் அடித்தது. அவள் மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரேக்குகள் வந்தன. ஒன்று நகர்வதற்குள் அடுத்தது பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது, அதன் பின்னால் அதற்கடுத்தது. மேடைக்கு முன்னால் எட்டு ரேக்குகள் வரிசை கட்டி நின்றன. வெளிச்சம் விழுந்தது, எடுத்தாள். விழுந்தது, எடுத்தாள். கட்டுத் துணி இருந்த ரேக்கிலேயே களிம்பும் இருந்தது. சலைனுக்கு அடுத்த அறையில் ஊசிக் குழாய். ஒன்றோடு ஒன்று சேர்ந்து போகிற பொருள்கள் இவை என்று அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஐந்தே மாசத்தில் இந்த இயந்திரத்துக்கு யார் சொன்னார்கள்?

யோசிக்க நேரம் இல்லை. எடுத்தாள், காட்டினாள், வைத்தாள். ஆறு மேடையிலும் ஆறு பேர் அதையே செய்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. இறக்குமேடையில் வேனைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்த ஹாரன் அண்ணன் இறங்கி வந்து பார்த்தபோது, முதல் ஆஸ்பத்திரிக்கான பெட்டிகள் முழுவதும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"அதுக்குள்ள எல்லாம் ரெடியா?" என்றார்.

"எல்லாம் இருக்கு. எடுத்துட்டுப் போங்கண்ணே."

அவர் கம்பி வேலி வழியாக ஒருதரம் உள்ளே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இருந்தது, வியப்பும் இருந்தது. பிறகு பெட்டிகளை ஏற்றினார். வேன் போகும்போது தெருமுனை வரைக்கும் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டு நிமிஷத்தில் ஐந்து ஆஸ்பத்திரிக்கும் சரக்குப் போய்விட்டது. காணவில்லை என்று ஒரு குப்பிகூட இல்லை. மேனேஜர் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தில் கோளாறா என்று இன்னொரு கடிகாரத்தையும் பார்த்தார். மத்தியானம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தாள். ஏணியக்காதான் எடுத்தாள்.

"சரக்கு எப்போ வரும்னு கேட்கப் போனை எடுத்தேன். திரும்பிப் பார்த்தா வாசல்ல வேன் நிக்குது," என்றாள் நர்ஸ். குரல் களைத்திருந்தது. "வந்தவங்க எல்லாருக்கும் கட்டுப் போட்டாச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைக்கப் போன ஏணியக்கா வைக்காமல் கேட்டாள். "எல்லாரும் பொழைச்சுட்டாங்களாம்மா?"

பதினொரு வருஷமாகக் கேட்க முடியாத கேள்வி அது. இப்போது வேறு யாருக்காகவோ கேட்டாள்.

"இதுவரைக்கும் எல்லாரும் இருக்காங்க," என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலை ஏழேமுக்காலுக்கு ஏணியக்கா வேலைக்கு வந்தாள். இன்னும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. வண்டிகள் பாதிக்கு மேல் ஓய்ந்து கிடந்தன. அவள் மேடைக்கு நேர் எதிரே, எப்போதும் காலியாக இருக்கிற முன்வரிசையில், ஒன்பது ரேக்குகள் நின்றுகொண்டிருந்தன. வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். தீப்புண் கட்டு. களிம்பு. சலைன். நேற்றைக்கு எடுத்தது போக மிச்சம் இருந்ததெல்லாம் கிடங்கின் கோடியிலிருந்து வந்து முன்னால் நின்றிருந்தது.

இன்ஜினியரைக் கூப்பிட்டாள். "இதை யாரும்மா இங்க கொண்டு வந்து வெச்சது?"

"அதுவேதான்கா. நேத்து எது அதிகமாப் போச்சோ, அதை ஓய்வு நேரத்துல கிட்டக்கக் கொண்டுவந்து வெச்சுக்கும். தீப்பிடிச்சது, ஜனங்க அடிபட்டது, அதெல்லாம் அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாதா?"

"கணக்கு மட்டும்தான் தெரியும்."

ஏணியக்கா தலையாட்டினாள். தீப்புண்ணுக்கு மறுநாள் கட்டு மாற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குத் தெரியாது. இருந்தும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

எட்டேகாலுக்குத் திரை மின்னியது. வடக்குப் பக்க ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுத் துணி கேட்டிருந்தார்கள். முதல் ரேக் ஒரு சாண் உயர்ந்து, மூன்றே அடி நடந்து, அவள் முன்னால் வந்து நின்றது. அவள் கையை நீட்டினாள்.